காமாலை ஒட்டுமா?

ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்றால் சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது, "இது ஒட்டுமா?" என்பதுதான். அவர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துவைக்க வேண்டுமா, குழந்தையை அவர் பக்கத்தில் படுக்கவைக்கலாமா என்ற கவலையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நியாயமான கவலைதான். ஆனால் கேட்ட மாதிரியே அதற்குப் பதில் சொல்ல முடியாது. மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயே அல்ல.

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. இந்த வேலை எங்கே தடைப்பட்டாலும் அது ரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரியும். அவ்வளவுதான் காமாலை. தடை ஏன் வந்தது என்பதுதான் நோய். ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸ் காரணமென்றால், மலம் கலந்த தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ வந்திருக்கும். பி, சி என்றால் பெரும்பாலும் ரத்தம் வழியாக வந்திருக்கும். பி உடலுறவு வழியாகவும் வரும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். டம்ளருக்கும் பி, சி இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்திருந்தால் யாருக்கும் எதுவும் பரவாது. பல வருடக் குடியில் கல்லீரல் சுருங்கியிருந்தாலும் அப்படித்தான். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையும் பரம்பரைக் கோளாறிலும் கண் மஞ்சளாகும். பிறந்த முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சளோ பெரும்பாலும் தானாக மறைந்துவிடுவது.

வெளியே தெரிவது ஒரே மஞ்சள்தான். உள்ளே இருப்பதில் சில தொற்றும், சில தொற்றாது. பார்த்த மாத்திரத்தில் இதைப் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ஒரு நோய் தொற்றுநோயா இல்லையா என்பதை அதன் காரணம்தான் தீர்மானிக்கிறது. அறிகுறியைக் கொண்டோ, வேகத்தைக் கொண்டோ, எத்தனை பேருக்கு வந்தது என்பதைக் கொண்டோ அதைச் சொல்லிவிட முடியாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மருத்துவ உலகமே இதில் பலமுறை வழுக்கி விழுந்திருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும்.

பெருகுவதும் பெருகாததும்

பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி என்று வேறொன்று உடலுக்குள் புகுந்து, அங்கே பெருகி, அதனால் வரும் கேடு தொற்றுநோய். இதில் 'பெருகி' என்ற சொல்லைத்தான் அடிக்கோடிட வேண்டும். நஞ்சும் வெளியிலிருந்துதான் உள்ளே போகிறது. ஆனால் அது உள்ளே போய்க் குட்டி போடுவதில்லை. ஒரு குவளை நஞ்சை ஏரியில் கொட்டினால் நீர்த்துப்போகும். ஒரு காலரா நோயாளியின் கழிவு குடிநீரில் கலந்தாலோ, அதைக் குடித்த ஒவ்வொரு குடலும் அடுத்த உற்பத்திக்கூடமாகிவிடுகிறது.

இந்த வரையறைக்குள் வராத எல்லாமே தொற்றா நோய்கள். மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், ஆஸ்துமா, பெரும்பாலான புற்றுநோய்கள், மரபணுக் கோளாறுகள், சத்துக் குறைவால் வருபவை, நஞ்சால் வருபவை, உடலின் காவல்படை உடலையே தாக்குவதால் வருபவை. எனக்கு இந்தப் பெயரின் மீதே ஒரு மனத்தாங்கல் உண்டு. 'தொற்றா' என்பது எது இல்லை என்று மட்டுமே சொல்கிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நோய்களை ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிய பெயர் அது. அந்த மூட்டையின் கனம் மட்டும் கொஞ்சநஞ்சமல்ல. உலகில் நிகழும் இறப்புகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். அவற்றிலும் பெரும்பகுதி இதய, ரத்தநாள நோய்கள், புற்றுநோய்கள், நாட்பட்ட நுரையீரல் நோய்கள், சர்க்கரை நோய் ஆகிய நான்குக்குள் அடங்கிவிடும்.

தொற்றுநோய் என்றால் அது ஆளுக்கு ஆள் பரவும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் சரியில்லை. தமிழில் 'ஒட்டுவாரொட்டி' என்று ஒரு பழைய சொல் உண்டு. தொட்டவரையும் அண்டியவரையும் பற்றிக்கொள்ளும் நோய்க்கு அந்தப் பெயர். இப்போது அதிகம் புழங்குவதில்லை, புழங்கினால் நல்லது. ஏனென்றால் தொற்றுநோய் எல்லாமே ஒட்டுவாரொட்டி அல்ல.

ரண ஜன்னியை எடுத்துக்கொள்ளலாம். டெட்டனஸ் என்று ஊசி போட்டுக்கொள்கிறோமே, அதுதான். மண்ணில் கிடக்கும் பாக்டீரியா வித்துகள் காயத்துக்குள் போய், காற்றுப் படாத ஆழத்தில் முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. சந்தேகமில்லாமல் தொற்றுநோய். ஆனால் அந்த நோயாளியின் பக்கத்தில் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் நமக்கு வராது. இதற்கு ஒரு விளைவு உண்டு, பலர் கவனிப்பதில்லை. தட்டம்மையில் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டிருந்தால், போடாத ஒருவருக்கும் ஓரளவு அரண் கிடைக்கும், வைரஸ் அவரை வந்தடைய வழி இருக்காது. ரண ஜன்னியில் அந்தச் சலுகை கிடையாது. ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவர் காலில் குத்தும் ஆணிக்கு அது தெரியாது.

தட்டம்மை இன்னொரு கோடி. எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது வழக்கமான கணக்கு. இரண்டுக்கும் நடுவில் பலவிதம். மலேரியாவுக்குக் கொசு வேண்டும். கொசு இல்லாத அறையில் நோயாளியோடு தூங்கலாம். வெறிநாய்க்கடியில் வைரஸ் மனிதரிடம் வந்ததும் முட்டுச்சந்தில் நின்றுவிடுகிறது, அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது அரிதிலும் அரிது. 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களைக் கொத்தாகச் சாய்த்த நிமோனியா, கட்டடங்களின் தண்ணீர் அமைப்புகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வேலை. நுண்துளிகளாக அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு வந்தது. அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபின் மனைவி மக்களுக்கு வரவில்லை.

விழுங்கிப் பார்த்த மூவர்

காரணத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு மூன்று பேரின் கதை போதும். மூன்று பேருமே தாங்கள் சொல்வது சரி என்று காட்ட, எதை விழுங்கக் கூடாதோ அதை விழுங்கினார்கள்.

முதலாமவர் மியூனிக் நகரத்தின் பெரும் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். காலரா பாக்டீரியாவை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அடையாளம் காட்டியிருந்த காலம். கிருமி மட்டும் இருந்தால் போதாது, மண்ணும் இடமும் பருவமும் கூடி வந்தால்தான் காலரா வரும் என்பது பெட்டன்கோஃபரின் கட்சி. 1892இல் ஹாம்பர்க்கில் காலரா ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போன அதே ஆண்டு, 73 வயதில், காலராக் கிருமிகள் நிறைந்த திரவத்தை வாங்கிக் குடித்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சோடா உப்பும் சேர்த்துக்கொண்டார். கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அதோடு சரி. தான் வென்றதாக அறிவித்தார். வெல்லவில்லை. அந்த ஆண்டு ஹாம்பர்க் எல்பே ஆற்றின் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் அதே தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்துப் பெரும்பாலும் தப்பித்தது. தெருவின் ஒரு பக்கம் சாவு, மறு பக்கம் வாழ்வு. மண்ணும் பருவமும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே.

இரண்டாமவர் அமெரிக்காவின் ஜோசப் கோல்ட்பெர்கர். தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு வந்து, புத்தி பேதலித்து, கடைசியில் உயிரையே எடுக்கும் பெலாக்ரா என்ற நோய் அந்நாட்டின் தென் மாநிலங்களை வாட்டிக்கொண்டிருந்தது. கிருமிகள் வரிசையாகப் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதுபோல ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு எல்லாமே கிருமியாகத் தெரிந்தது. ஏழைக் குடும்பங்களிலும், அனாதை இல்லங்களிலும், மனநல விடுதிகளிலும் கொத்துக் கொத்தாக வந்ததால் பெலாக்ராவும் தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். 1914இல் இதை ஆராய அனுப்பப்பட்ட கோல்ட்பெர்கர் கவனித்தது ஒரு சின்ன விஷயம். விடுதிகளில் இருப்பவர்களுக்கு வருகிறது. அவர்களோடு நாளெல்லாம் புழங்கும் பணியாளர்களுக்கு வருவதில்லை. சம்பளம் வாங்குகிறவரா இல்லையா என்று பார்த்துக் கடிக்கும் கிருமி உண்டா என்ன?

வித்தியாசம் தட்டில் இருந்தது. விடுதிவாசிகளுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளம். பணியாளர்களுக்குப் பாலும் இறைச்சியும் கிடைத்தன. அனாதை இல்லங்களில் உணவை மாற்றினார், நோய் மறைந்தது. 1915இல் மிசிசிப்பியின் ஒரு சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாகச் சொல்லிச் சேர்க்கப்பட்ட கைதிகளுக்குச் சோள உணவையே கொடுத்துவந்தார், நோய் வந்தது. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.) அப்போதும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1916இல் அவரும், சக ஆய்வாளர்கள் சிலரும், அவர் மனைவி மேரியும் தாங்களே சோதனைப் பொருளானார்கள். நோயாளிகளின் ரத்தத்தை ஊசி வழியே ஏற்றிக்கொண்டார்கள். தோல் செதில், சிறுநீர், மலம் இவற்றை மாவில் உருட்டி ஆண்கள் விழுங்கினார்கள். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை. குறைபட்ட சத்து நியாசின் என்று 1937இல் தெரியவந்தபோது கோல்ட்பெர்கர் உயிரோடு இல்லை. மக்காச்சோளத்தையே காலங்காலமாக உண்டுவந்த மெக்சிகோவின் மக்களுக்கு ஏன் இந்த நோய் வரவில்லை என்றால், அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தார்கள். அதில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் அப்போது விடுபடும்.

மூன்றாமவர் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல். வயிற்றுப்புண் என்றால் மனக்கவலை, காரம், அமிலம் என்று எல்லோரும் சொல்லிவந்த காலத்தில், அவரும் ராபின் வாரனும் நோயாளிகளின் இரைப்பையில் சுருள்வடிவ பாக்டீரியா ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கவனித்தார்கள். அமிலக் குளத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். 1984இல் மார்ஷல் அந்த பாக்டீரியாவை வளர்த்த திரவத்தைக் குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி; உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது இரைப்பைச் சுவர் அழன்றிருந்தது, அங்கே பாக்டீரியா குடியிருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமிக்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு, ஓரிரு வார ஆன்டிபயாடிக் போதுமானதாகிவிட்டது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பெட்டன்கோஃபர் விழுங்கினார், பெரிதாக எதுவும் ஆகவில்லை. அவர் கருத்து தவறு. கோல்ட்பெர்கர் விழுங்கினார், எதுவும் ஆகவில்லை; அவர் கருத்து சரி. ஒரே விளைவு, எதிரெதிர் உண்மை. அப்படியானால் விழுங்கியதால் நிரூபணமானது என்ன? தனியாக எடுத்துக்கொண்டால், எதுவுமே இல்லை. கோல்ட்பெர்கரைக் காப்பாற்றியது அந்த மாத்திரைகள் அல்ல. உணவைக் கொடுத்து நோயை விரட்டியும், உணவை எடுத்து நோயை வரவழைத்தும் காட்டிய முந்தைய சோதனைகள்தான். காரணம் என்று எதைச் சொல்கிறோமோ அதைச் சேர்த்தால் நோய் வர வேண்டும், நீக்கினால் போக வேண்டும். வீரதீரம் பத்திரிகைக்குச் செய்தியாகும், சான்றாகாது.

கொத்தாக வருவதெல்லாம் தொற்றல்ல

ஒரே வீட்டில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே நோய் என்றால் தொற்று என்று நினைப்பது இயல்பு. 1956இல் ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவை ஒட்டிய மீனவக் குடும்பங்களில் அப்படித்தான் ஆரம்பித்தது. கை கால் தடுமாற்றம், பேச்சுக் குழறல், வலிப்பு. தொற்றுநோய் என்று அஞ்சி நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள், வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். ஆனால் ஊர்ப் பூனைகளும் அதே போல் வெறிகொண்டு ஆடிச் செத்தன. மனிதருக்கும் பூனைக்கும் பொதுவாக இருந்தது மீன். ஆலை ஒன்று கடலில் விட்ட கழிவிலிருந்த மெதில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீன் வழியே நரம்புக்குப் போயிருந்தது. அதை அரசு முறையாக ஏற்றுக்கொள்ள 1968 வரை ஆனது. அதுவரை அந்தக் குடும்பங்கள் நோயையும் சுமந்தன, ஒதுக்கத்தையும் சுமந்தன.

அதே நாட்டில் அடுத்த பத்தாண்டில் நடந்தது இன்னும் விசித்திரம். வயிற்றுப்போக்குடன் வந்தவர்களுக்குக் கால் மரத்துப்போய், பார்வையும் மங்கியது. மருத்துவமனைகளிலும் குடும்பங்களிலும் கொத்தாக வந்ததால் வைரஸ் என்று தேடினார்கள். துப்பு கிடைத்தது நாக்கில். சில நோயாளிகளின் நாக்கும் சிறுநீரும் பச்சையாக இருந்தன. அந்தப் பச்சையைப் பிரித்துப் பார்த்தபோது, அவர்களின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்பட்ட கிளியோக்வினால் என்ற மருந்து அதில் இருந்தது. 1970இல் அந்த மருந்தை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றது. பத்தாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நோயைக் குணமாக்கக் கொடுத்ததே நோயாக இருந்தது. மருந்தும் ஒரே மருத்துவமனையில், ஒரே குடும்பத்தில்தானே பரவும்.

மறுபக்கப் பிழைக்குத் தொழுநோய் நல்ல உதாரணம். 19ஆம் நூற்றாண்டு நார்வேயில் அதை ஆராய்ந்த டானியல்சன், பரம்பரை நோய் என்று உறுதியாகச் சொன்னார். தாத்தா, அப்பா, மகன் என்று குடும்பத்துக்குள்ளேயே சுற்றியது. அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. அவருடைய மருமகன் ஹான்சன்தான் 1873இல் நோயாளிகளின் திசுக்களில் கோல்வடிவ பாக்டீரியாவைக் கண்டு மாமனாரின் கொள்கையைக் கவிழ்த்தவர். அந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். உள்ளே போய் நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபதாண்டுகள்கூட ஆகும். பெரும்பாலானோருக்கு அது வரவே வராது, உடலே தடுத்துவிடும். இப்படிப்பட்ட கிருமி யாரைப் பிடிக்கும்? வருடக்கணக்கில் கூடவே வாழ்பவரை. குடும்பம் மரபணுவை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை, காற்றையும்தான் பகிர்ந்துகொள்கிறது.

வேகத்தைக் கொண்டு பிரிக்க முடியாது என்று மேலே சொன்னது இதனால்தான். தொற்று என்றால் திடீரென வருவது, தொற்றாதது என்றால் நாள்பட்டது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். தொழுநோய் இருபதாண்டு காத்திருக்கிறது, மாரடைப்பு அரைமணி நேரத்தில் ஆளை முடிக்கிறது. காய்ச்சலும் நம்பத்தகுந்த அடையாளமல்ல. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் கிருமியே இல்லாமல் காய்ச்சல் அடிக்கும். காலராவில் உயிர் போகும் நிலையிலும் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது.

வேலி எங்கே ஓடுகிறது

இரண்டு வகைக்கும் நடுவில் போட்ட வேலி நேராக ஓடவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டால் தொற்றா நோய்ப் பட்டியலில்தான் வைப்போம். ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே மனித பாப்பிலோமா வைரஸின் விளைவு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. இதைக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி 2006லேயே வந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. 1984இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசியைத் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்று வெகுவாகக் குறைந்தது. 2018இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுகளில் சுமார் 13 சதவீதம் தொற்றுகளால் வந்தவை என்பது மதிப்பீடு.

இதைப் படித்துவிட்டுப் புற்றுநோயாளியிடமிருந்து யாரும் விலகி உட்கார வேண்டாம். தொற்றுவது வைரஸ், புற்று அல்ல. பாப்பிலோமா வைரஸையும் பெரும்பாலானோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடும். அடங்காமல் நீடித்த சிலரிடம்தான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து, புற்று தலைகாட்டுகிறது. புற்று அணுக்களே ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் விந்தை டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கிடமும் நாய்களிடமும் உண்டு. மனிதரிடையே அப்படிப் பரவும் நோய் கிடையாது.

தொண்டைவலி இதயத்தைக் கெடுப்பது வேறொரு வகை. சில குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண் வந்து போனபின், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய படை இதய வால்வுகளையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. முப்பது வயதில் வால்வு பழுதாகி மருத்துவரிடம் வரும்போது உடலில் கிருமி இருக்காது. அவருக்கு இருப்பது தொற்றா நோய், வந்த வழி தொற்று. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் இதே போன்ற உறவு உண்டு என்பதற்கு 2022இல் வலுவான சான்று வந்தது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடி பேருடைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு அது. அந்த வைரஸ் தொற்றியபின் நோய்க்கான வாய்ப்பு 32 மடங்கானது. ஆனால் வயது வந்தவர்களில் பெரும்பாலானோர் உடலில் அந்த வைரஸ் இருக்கிறது, நோய் வருவது மிகச் சிலருக்கே.

இந்த "மிகச் சிலருக்கே" என்பதில்தான் பாவம் பெட்டன்கோஃபருக்கு ஓர் ஓரத்தில் நியாயம் கிடைக்கிறது. கிருமி அவசியம், ஆனால் எப்போதும் போதுமானதல்ல. உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவரிடம் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாவது 5 முதல் 10 சதவீதம்தான். யார் அந்தச் சிலர் என்று பார்த்தால் ஊட்டமில்லாதவர்கள், ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடிப்பவர்கள். சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. தொற்றா நோய் ஒன்று தொற்றுநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. காசநோய் ஒழிப்புக்கு ஒரு துறை, சர்க்கரை நோய்க்கு ஒரு துறை என்று தனித்தனியாக நடத்துவது நிர்வாக வசதிக்காகத்தான், நோய்களுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

வேலியையே காணாமல் செய்வது பிரயான் நோய்கள். உயிருமில்லை, மரபணுப் பொருளுமில்லை. வெறும் புரதம் தவறாக மடிந்து, பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல் மடித்துக்கொண்டே போய் மூளையைச் சல்லடையாக்குகிறது. இவற்றில் ஒன்றான க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் பெரும்பாலும் காரணம் தெரியாமல் தானாக வருகிறது. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பரம்பரையாக வருகிறது. மிக அரிதாக, மாசுபட்ட அறுவைக் கருவி வழியாகவோ திசு வழியாகவோ தொற்றுகிறது. ஒரே நோய், தானாகவும் வருகிறது, பரம்பரையாகவும் வருகிறது, தொற்றியும் வருகிறது. இதை எந்த மூட்டையில் போடுவது?

ஆக, எதற்காகப் பிரிக்கிறோம்

இவ்வளவு குழப்பம் இருந்தும் பிரிப்பதை விட்டுவிட முடியாது. பிரிப்பு தவறினால் வைத்தியம் தவறும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் வேலை செய்யும். சாதாரணச் சளியைக் கொண்டுவரும் வைரஸிடம் அது பலிக்காது. ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகலுக்கும் பலிக்காது. அதைவிடப் பெரிய வித்தியாசம், தொற்றில் இன்னும் நோயாளியாகாத ஒருவரும் கணக்கில் வருகிறார். தனிமைப்படுத்துவது, யாரோடெல்லாம் பழகினார் என்று தேடிப் போவது, தடுப்பூசி எல்லாமே அந்த அடுத்தவருக்காக. சங்கிலியை எல்லா இடத்திலும் அறுத்துவிட்டால் நோயே அழிந்துபோகும். பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் இருந்தார். 1980இல் உலகம் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாரடைப்பை அப்படி அழிக்க வழியில்லை, அறுக்க அங்கே சங்கிலி இல்லை. அங்கே செய்ய வேண்டியது புகையிலை, உப்பு, ரத்த அழுத்தம், காற்று மாசு என்று பல முனைகளில் வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. ஆரவாரமே இல்லாதது.

இன்னொரு காரணமும் உண்டு. வெண்புள்ளியும் சொரியாசிஸும் தொற்றவே தொற்றாது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதால் கைகுலுக்கத் தயங்குகிறோம். தட்டம்மையோ தோலில் புள்ளி தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பித்துவிடுகிறது, அப்போது யாரும் விலகுவதில்லை. ஒட்டுமா ஒட்டாதா என்பதற்கான பதில் ஒரே நோயாளியிடம் நாளுக்கு நாள் மாறவும் செய்யும். தொழுநோயாளி கூட்டுமருந்து சாப்பிடத் தொடங்கியதும் விரைவிலேயே பரப்பும் நிலையிலிருந்து விடுபடுகிறார். ஹெச்.ஐ.வி. உள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத மட்டத்தில் நீடித்தால், உடலுறவு வழியாக அது இணைக்குப் போவதில்லை.

காமாலைக்குத் திரும்பலாம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்றே உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொற்றக்கூடியதுதான். வைரஸ் உள்ளே போய் நோய் வெளிப்படச் சராசரியாக 28 நாட்கள் ஆகும். நோயாளியின் மலத்தில் வைரஸ் மிக அதிகமாக வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில். மஞ்சள் தெரிந்து ஒரு வாரம் போவதற்குள் பரப்பும் தன்மை பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. டம்ளரைத் தனியாக எடுத்துவைக்கும் நாளில், அதே கைகள் தொட்டதையெல்லாம் எல்லோரும் தொட்டுப் பதினைந்து நாளாகியிருக்கும்.